ஊசிக்காரர் வண்டி பார்த்த கதை

மூன்றாவது முறையாக ஷோரூமுக்கு வந்தபோது ஊசிக்காரர் கையோடு ஒரு கண்ணாடி தம்ளரும் கொண்டுவந்திருந்தார்.

விற்பனைப் பெண்ணுக்கு அவரை இப்போது நன்றாகவே தெரியும். முதல் முறை வந்தவர் புது மாடல் மோட்டார் சைக்கிளைச் சுற்றி நாலு தடவை நடந்தார். விலை கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை, சிவப்பு இருக்கிறதா நீலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இரண்டாம் முறை வந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பெட்ரோல் டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வண்டிக்குக் காய்ச்சல் பார்க்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்றைக்குத் தம்ளர்.

"கொஞ்சம் தண்ணி ஊத்திக் குடும்மா."

"குடிக்கவா சார்?"

"இல்ல. சீட் மேல வைக்க."

வைத்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தம்ளருக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் எழும்பும் வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேட்கட்டுமா? வண்டியில போகப்போறது நீங்களா, தண்ணியா?"

"ரத்தம்," என்றார் அவர், தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை. அவருடைய தொழில் அது. ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய், எழுந்து நடமாட முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு வருகிறவர். இருபத்தாறு வருஷமாக அதே லேப். பத்தொன்பது வருஷமாக அதே மோட்டார் சைக்கிள். வயது ஐம்பத்து மூன்று. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு காத்திருக்கும் முதல் வீட்டில் ஆரம்பித்து, பத்தரை மணிக்குள் பன்னிரண்டு வீடுகளை முடித்து, பின் சீட்டில் கட்டிய ஐஸ் பெட்டியோடு லேபுக்குப் போய்ச் சேருவார். எந்த டியூப் எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒவ்வொன்றிலும் அவர் கையாலேயே எழுதியிருப்பார்.

கண்ணுக்குத் தெரிகிற நரம்பை அவர் நம்புவதில்லை. நோயாளியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தடவுவார். அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெல்ல எழும்புகிற இடம்தான் அவருக்கு நரம்பு. வருஷக்கணக்காகப் படுத்த படுக்கையாய்க் கிடந்து, நரம்பெல்லாம் நூலாகிப் போனவர்களிடம்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவார். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திவிட்டுக் கைவிட்ட கைகள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். மீசையைத் தடவுவதோடு சரி.

எட்டு மாதமாக அந்தக் கர்வத்துக்குத்தான் கேடு வந்திருந்தது.

லேபில் ஒரு ரத்தம் சரியில்லை என்றால் ஒரு சிறு சீட்டு எழுதித் தருவார்கள். 'அணுக்கள் உடைந்துள்ளன, மறுபடி எடுக்கவும்.' டியூபை நிற்க வைத்தால் ரத்தம் கீழே உறைந்து, மேலே சீரம் தெளிந்து நிற்க வேண்டும், வைக்கோல் நிறத்தில். அணுக்கள் உடைந்திருந்தால் அது ரோஸ் நிறமாக இருக்கும். அந்த ரத்தத்தில் எந்தச் சோதனை செய்தாலும் பொய்க் கணக்குதான் வரும். முன்பெல்லாம் அவருக்கு மாதம் ஒரு சீட்டு வந்தால் அதிகம். இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்தன. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மறு குத்து. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், இடுப்பு உடைந்து படுத்திருப்பவர், கேட்டேவிட்டார்: "நேத்து எடுத்ததை எங்க கொட்டுனீங்க? என் உடம்புல இருக்கிறதே கொஞ்சம்தான்." ஊசிக்காரர் ரப்பர் பட்டையை எடுத்தார்.

லேப் மேடம் கோபக்காரி இல்லை. உட்கார வைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் சொன்னார். "உங்களுக்கும் வயசாகுது. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து முன் டேபிள்ல உட்கார்ந்து வர்றவங்க பேர் எழுதுங்க. சம்பளம் அதேதான்." திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். இதற்கு என்ன பேசுவது?

அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த வாரமே ஊசிக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: தப்பு கையில் இல்லை, வண்டியில். பழைய வண்டி உதறுகிறது; உதறலில் ரத்தம் குலுங்குகிறது; குலுங்கினால் அணு உடையாதா? புது மாடலுக்கு 'அதிர்வே தெரியாத என்ஜின்' என்று சாலைக்குச் சாலை விளம்பரம் வைத்திருந்தார்கள். வண்டியை மாற்றினால் சீட்டு நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். நிற்காவிட்டால் மிச்சமிருப்பது கை ஒன்றுதான். அந்தப் பக்கம் அவர் யோசனையைப் போகவிடவில்லை.

வீடு ஒரு தையல் கடைக்கு மேலே, இரண்டே அறை. மிஷின் ஓடும் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள்: இரண்டு மணிக்கொரு தரம் படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது, புண் பார்ப்பது. பேச்சிலும் அதே வேகம்.

"புது வண்டியில என்னதான் இருக்கு?" என்றாள், துவைத்த துணியை உதறியபடி.

"பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகுது. கிளட்ச் பூ மாதிரி இருக்கு. விளக்கு பகல் மாதிரி அடிக்குது."

"சரி. குறை?"

"சீட் கொஞ்சம் உயரம். நின்னா குதிகால் தரையில படல."

"பெட்டி?"

"பின் சீட் மேல பார்த்துத் தூக்கி இருக்கு. பெட்டி வழுக்கும். தனியா ஒரு கேரியர் வாங்கிப் போடணும்."

"அப்போ சிக்னல்ல நுனிக்கால்ல நிப்பீங்க, பின்னாடி பன்னிரண்டு வீட்டு ரத்தம் வழுக்கிக்கிட்டு நிக்கும். ரொம்ப அழகு."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மச்சினனுக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. மனைவியின் தம்பி, மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக அந்தப் பழைய வண்டியை அவன் ஒருவன்தான் தொட்டிருக்கிறான். வேறு யாராவது ஸ்பேனரோடு பக்கத்தில் போனால் முறைப்பான்.

"அது வண்டியே இல்ல மாமா, டிவி ரிமோட். ஒண்ணைத் திறந்து பார்த்தேன், உள்ள வயருதான் இருக்கு. அதுக்காக என் வண்டியை விக்கப் போறீங்களா?"

"என் வண்டிடா அது."

"ஓட்டுறது நீங்க. உயிரோட வச்சிருக்கிறது நான்."

"உன் வண்டி உதறுறதாலதான் ரத்தம் கெடுது."

"உதறுதா? நிரூபிங்க பார்ப்போம்."

சும்மா சொன்ன வார்த்தை. ஊசிக்காரர் அதை விடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் மச்சினனைச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னார். இரும்பு தூக்கிப் பழகிய கை, நரம்பெல்லாம் கயிறு. மூன்று டியூப் எடுத்தார். மச்சினன் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"ஆறடி ஆம்பளை, முகத்தைப் பாரு," என்றாள் அக்கா.

ஒரு டியூப் அலமாரியிலேயே நின்றது. இரண்டாவதைப் பெட்டியில் வைத்து ஊசிக்காரர் பழைய வண்டியில் ஒரு மணி நேரம் சுற்றினார், வழக்கமாகப் போகிற அதே வழியில். மூன்றாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மச்சினன் ஷோரூமில் புது மாடலை டெஸ்ட் ரைடு எடுத்தான். பத்து நிமிஷம்தான் தருவார்கள். அந்தப் பத்து நிமிஷமும் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி விட்டான். பிறகு மூன்றையும் அலமாரியில் வரிசையாக நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

மூன்றும் மஞ்சள். தெளிந்த, சுத்தமான வைக்கோல் மஞ்சள். மூன்றுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பார்த்தீங்களா? என் வண்டி தங்கம்," என்று மச்சினன் தொடையைத் தட்டினான். "வண்டியில ஒரு குத்தமும் இல்ல. அப்போ குத்தம்..."

அங்கே நிறுத்திக்கொண்டான். நிறுத்தினது கொஞ்சம் தாமதம். ஊசிக்காரர் மூன்று டியூபையும் எடுத்து, கழிவு டப்பாவில் போட்டு மூடினார். போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"டீ போடட்டுமா மாமா?" என்றான் மச்சினன். அவன் வாழ்க்கையில் டீ போட்டதே இல்லை.

மனைவி ஆறுதல் சொல்லவில்லை. அது அவளுக்கு வராது. வந்தாலும் எதற்கு உதவும் என்பாள். துணி மடிப்பதை முடித்துவிட்டு, "அந்தச் சீட்டெல்லாம் எங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"எங்கன்னு கேட்டேன்."

பீரோவின் அடித்தட்டில், பழைய சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தார். தூக்கிப் போடவும் மனசில்லை, திரும்பப் படிக்கவும் மனசில்லை. அவள் கட்டிலில் பரப்பினாள். அவள் வேலையே சார்ட் பார்ப்பதுதான்: யாரை எத்தனை மணிக்குப் புரட்டினோம், எத்தனை மணிக்குப் புண் சிவந்தது. ஊசிக்காரர் அந்தச் சீட்டுகளில் எப்போதும் பெயரைத்தான் படித்திருந்தார், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று. அவள் நேரத்தைப் படித்தாள்.

"நாற்பத்தொண்ணு சீட்டு. அதுல முப்பத்தெட்டு ஒன்பது மணிக்கு மேல எடுத்தது," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஒன்பது பத்து. ஒன்பதே முக்கால். பத்து இருபது. எல்லாம் டியூபில் அவரே எழுதிய நேரம்தான்.

"ஆறு மணிக்கு எடுத்த ரத்தம் நாலரை மணி நேரம் உங்க வண்டியில ஊர் சுத்துது. அது நல்லா இருக்கு. பத்து மணிக்கு எடுத்தது அரை மணி நேரம் சுத்துது. அது கெட்டுப் போகுது. அப்போ சுத்தறதுல ஒண்ணும் இல்ல."

"அதான் மத்தியானமே தெரிஞ்சுபோச்சே. என் கைதான்."

"கைதான். ஆனா ஆறு மணிக்கும் அதே கைதானே? ஒன்பது மணிக்கு அதுக்கு என்ன ஆகுது?"

அவர் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"காலையில எழுந்ததும் கையை உதறிக்கிறீங்க. நான் பார்க்கலேன்னு நினைப்பு."

"மரத்துப் போகுது," என்றார் கடைசியில். "கொஞ்ச நாளா."

"எத்தனை நாள் சேர்ந்தா உங்க கணக்குல கொஞ்ச நாள்?"

"எட்டு மாசம்."

வாய்விட்டுச் சொன்னபிறகு மிச்சமும் வந்தது. ஏழெட்டு வீடு தாண்டினால் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் பஞ்சு சுற்றியது போல் ஆகிவிடும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கையை உதறி, தேய்த்து, அப்புறம்தான் மணியடிப்பார். நரம்பைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். கண்டுபிடித்தாலும் சிரிஞ்சின் தண்டை எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது. மெல்லிய ஊசி வழியாக வேகமாக உறிஞ்சினால் ரத்தம் அங்கேயே, ஊசிக்குள்ளேயே உடைந்துவிடும். வண்டியில் ஏறுவதற்கு முன்பே.

அவள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, இரண்டு முனையையும் லேசாக விரித்தாள். இல்லத்தில் ஒரு டாக்டர் செய்வதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் விடிகாலை, அவர் கிளம்பும் முன், கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் வைத்து அழுத்தினாள்.

"ஒரு முனையா, ரெண்டா?"

"ரெண்டு."

எல்லா விரலிலும் சரியாகச் சொன்னார். பத்தரைக்கு வேலை முடித்துவிட்டு, மாடிப்படி ஏறி வந்ததும் மறுபடி அழுத்தினாள்.

"ஒண்ணு. இதுவும் ஒண்ணு. இங்கயும் ஒண்ணு. சுண்டு விரல்ல ரெண்டு." கண்ணைத் திறந்தார். "சரியா?"

"சுண்டு விரல் மட்டும் சரி. எல்லாத்துலயும் ரெண்டு முனையாலதான் அழுத்துனேன்."

ஊசிக்காரர் தன் விரல்களைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பின விரல்கள்.

"பழைய வண்டியோட கைப்பிடி மூணு மணி நேரம் கையில அடிக்குது," என்றாள் அவள். "கை ஓய்வா இருக்கிற லீவு நாள்ல வாங்க, வண்டி பார்க்கப் போலாம். தம்ளர் வேண்டாம்."

ஷோரூமுக்கு மூன்று பேருமாகப் போனார்கள். மச்சினன் நக்கல் பண்ணுவதற்கென்றே ஒட்டிக்கொண்டு வந்தான். விற்பனைப் பெண் விதியைச் சொன்னாள்: டெஸ்ட் ரைடு பத்து நிமிஷம்தான்.

"பத்து நிமிஷத்துல கல்யாணத்துக்கு ஆள் பார்க்கலாம்மா. வேலைக்கு வண்டி பார்க்க முடியாது," என்றாள் மனைவி.

"மேடம், ரூல் அப்படி."

"ஒரு ஆளுக்கு எத்தனை தடவைன்னு ரூல்ல இருக்கா?"

அந்தப் பெண் யோசித்தாள். இல்லை. "ஒவ்வொரு தடவையும் இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்." பன்னிரண்டு ஃபாரங்களை எடுத்து ஒரு கட்டாக மேஜைமேல் வைத்தாள். மானேஜர் அன்றைக்கு வரவில்லை என்பதும் ஒரு வசதி.

ஊசிக்காரர் பன்னிரண்டு தடவை போய்வந்தார். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு முறையும் கையெழுத்து. ஏழாவது முறைக்குப் பிறகு கையெழுத்து கோணலாக ஆரம்பித்ததை மனைவி கவனித்தாள், சொல்லவில்லை. கடைசி முறை வந்து இறங்கியதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். வண்டி பார்க்க வந்த வேறு இரண்டு பேர் இதைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

"கட்டை விரல்?"

"ரெண்டு."

"இது?"

"ரெண்டு."

"நடுவிரல்?"

"ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "ஆமா. ஒண்ணுதான்."

பின்னை எடுத்தாள். மூன்றில் இரண்டு பிழைத்திருந்தன. பழைய வண்டியில் மூன்றுமே போயிருந்தன. ஊசிக்காரர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வாங்கிவிடலாம் என்று அந்த நிமிஷம் அவர் முடிவே செய்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். விற்பனைப் பெண்ணும் பேனாவைத் திறந்துவிட்டாள்.

மச்சினன் மட்டும் புது வண்டியின் கைப்பிடிக்கு அடியில் குனிந்திருந்தான். கைப்பிடியைத் தாங்கும் இடத்தில் தடியாக ஒரு ரப்பர். அதைக் கட்டை விரலால் அமுக்கினான். விட்டான். மறுபடி அமுக்கினான்.

"அக்கா," என்றான். "மாமாவுக்குக் கை எத்தனை மாசமா மரத்துப் போகுதுன்னு சொன்ன?"

"எட்டு."

அவன் நிமிர்ந்தான். காது மடல் சிவந்திருந்தது. "மாமா வண்டியில இந்த ரப்பர் அடிக்கடி தேஞ்சு போகும். ஆறு மாசத்துக்கு ஒண்ணு மாத்தணும். வேலை நாள்ல வண்டி என்கிட்ட நின்னா உங்களுக்குக் கஷ்டமேன்னு, லேத்துல குடுத்து இரும்புல கடைஞ்சு போட்டேன். ஆயுசுக்கும் போகாதுன்னு." புது வண்டியின் ரப்பரைத் திரும்பிப் பார்த்தான். "எட்டு மாசம் முன்னாடி."

அவன் அதைச் செய்த நாளில் ஊசிக்காரரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. பெருமையோடு கைப்பிடியை ஆட்டிக் காட்டி, "அசையுதா பாருங்க" என்றது மூன்று பேருக்கும் நினைவு வந்தது.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்ச," என்றார் ஊசிக்காரர்.

"நினைச்சது நல்லதுதான்," என்றாள் மனைவி. "இப்போ போய் கழட்டு."

அன்று சாயங்காலமே கழற்றினான். புது ரப்பர் போட்டான். இரும்புத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடச் சொன்னதையும் கேட்காமல் போய்விட்டான்.

ஒரு வாரம் அந்தப் பழைய வண்டியில் வேலைக்குப் போய்வந்தபின் ஹேர்பின் சொன்னது இது: கட்டை விரல் ரெண்டு, ஆள்காட்டி ரெண்டு, நடுவிரல் ஒண்ணு. புது மாடல் சொன்ன அதே பதில். டாக்டரிடமும் போனார்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் அவர். தூங்கும்போது பட்டை கட்டச் சொன்னார். எந்த வண்டியாக இருந்தாலும் ஓட்டும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். எட்டு மாதம் இரும்பு அடித்தது ஒரு பங்கு, இருபத்தாறு வருஷம் ஊசி பிடித்தது ஒரு பங்கு. பாதி தேறும், பாதி தேறாமலும் போகலாம்.

ஊசிக்காரர் ஆற அமர உட்கார்ந்து யோசித்தார். பட்டன் ஸ்டார்ட் நல்லதுதான். விளக்கு நல்லதுதான். ஆனால் அவர் வாங்க நினைத்தது ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்கிற ஒரு நடுவிரலை. அது புது வண்டியிலும் இல்லை, பழைய வண்டியிலும் இல்லை.

முப்பதாம் தேதி லேப் மேடத்தின் அறைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. உட்காரவில்லை.

"கைதான் மேடம்," என்றார். "ஒன்பது மணிக்கு மேல என் விரலை நம்ப முடியல. அதுக்கு முன்னாடி நம்பலாம். வேணும்னா சீட்டுல நேரத்தைப் பாருங்க."

கட்டாகக் கட்டி எடுத்துப்போன சீட்டுகளை மேஜைமேல் வைத்தார். மேடம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நெற்றி சுருங்கியது. இது தன் கண்ணிலும் படாமல் போனதே என்ற சுருக்கம்தான் அது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி தெரியாது. தெரிஞ்சப்போ சொல்லப் பிடிக்கல."

"சரி. என்ன பண்ணலாம்ங்கிறீங்க?"

"எனக்கு ஆறு வீடு போதும். ஆறு மணியிலிருந்து எட்டே முக்கால் வரைக்கும். யாருக்கும் நரம்பு கிடைக்காத கைங்க ஆறையும் எனக்குக் குடுங்க. நல்ல நரம்பு உள்ளவங்களை எல்லாம் லேபுல இருக்கிற இன்னொரு பையன் பார்த்துக்கட்டும். ஒன்பது மணிக்கு வந்து நான் டேபிள்ல உட்கார்ந்து பேர் எழுதறேன்."

டேபிள் என்ற வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

மேடம் வீடுகளின் பட்டியலை எடுத்தார். "அந்த டீச்சர் வீடு ஊரோட அந்தக் கோடி. சலவைக்கார அம்மா வீடு இந்தக் கோடி. ஆறு வீடும் ஆறு திசையில இருக்கே. முன்னாடியெல்லாம் பக்கத்து வீடு, பக்கத்து வீடுன்னுதானே போவீங்க?"

"இனிமே தூரம் பார்க்க முடியாது மேடம். ரொம்பக் கஷ்டமான நரம்பு முதல்ல. அப்புறம் அதுக்கு அடுத்தது."

"பெட்ரோல் கூட ஆகுமே."

"ஆகும்."

மேடம் பேனாவை எடுத்துப் பட்டியலில் ஆறு பெயருக்கு எதிரே கோடு போட்டார். எந்த ஆறு என்று அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஷோரூமுக்கும் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பன்னிரண்டு ஃபாரம் எடுத்துக் கொடுத்த பெண்ணிடம் போனில் சொல்வது மரியாதையில்லை என்று பட்டது.

"நல்ல வண்டிதான்மா. கைக்கு நல்ல வண்டி. நாள் பூரா சுத்தற ஆள் யாராவது வந்தா தைரியமா வித்துக்குடு. சீட் உயரத்தை மட்டும் முதல்லயே சொல்லிடு."

"உங்களுக்கு ஏன் வேண்டாம் சார்?"

"எனக்கு இப்போ நாளே எட்டே முக்காலோட முடியுது. அதுக்குப் பழசு போதும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

முதல் மாதம் சீட்டு எதுவும் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவர் முன் டேபிளில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர், வயது, சாப்பிட்டீர்களா இல்லையா என்று எழுதினார். கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது. மச்சினன் பத்து நாள் கழித்து வீட்டுப் பக்கம் வந்து, ரப்பரை அமுக்கிப் பார்த்துவிட்டு, அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தான்.

இரண்டாம் மாதம் ஒரு சீட்டு வந்தது. உள்ளேயிருந்து அதைக் கொண்டுவந்த லேப் பெண்ணுக்கு அவரிடம் நீட்டக் கை வரவில்லை. நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ஊசிக்காரர் பெயரைப் படிக்கவில்லை. நேரத்தைப் படித்தார். ஆறு இருபது. அன்றைய முதல் வீடு.

மேஜைக்கு அடியில் கட்டை விரலை மற்ற விரல்களில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்தக் காலையை நினைத்துப் பார்த்தார். விரலில் குறை இருக்கவில்லை. நரம்பு நன்றாகவே தட்டுப்பட்டது. அந்த வீட்டுப் பெரியவர் ஊசி ஏறும் நேரத்தில் இருமினார், கை துள்ளியது, ரத்தம் விட்டு விட்டு வந்தது. இருபத்தாறு வருஷமாக எப்போதாவது வந்துகொண்டிருந்ததே, அதே மாதிரிச் சீட்டு. யாருக்கும் வரக்கூடியது.

மேடம் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கையா?" என்றார்.

"இல்ல மேடம். இருமல்," என்றார் ஊசிக்காரர். அடுத்த நாள் பட்டியலில் அந்தப் பெரியவர் பெயரை முதலாவதாக எழுதிக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரை நிமிர்ந்து பார்த்து, சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று கேட்டார்.